வெள்ளைப் பலகையும் சிவப்புக் காந்தமும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறை ஒரு சிறு தொழிற்சாலையாகிவிடும். அம்மா முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை செய்து விற்கிறார். ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். யாருக்கு எத்தனை டின் என்ற கணக்கு முழுவதும் அதில்தான். தொலைபேசியை எடுப்பது அக்காவின் பொறுப்பு. அவர் பலகையில் எழுதுவார், அழிப்பார், திருத்துவார். அம்மா கடைக்குப் புறப்படும் முன் பலகையைக் கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்வார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மாவும் எண்ணெயும் வாங்குவார்.

ஒருமுறை அந்தப் படம் அம்மாவை ஏமாற்றிவிட்டது. அக்கா 25 என்பதை 15 என்று திருத்திக்கொண்டிருந்தார். 2ஐ அழித்தாயிற்று. 1ஐ எழுதுவதற்குள் தொலைபேசி அடித்தது. அந்த நேரம் பார்த்து அம்மா படம் எடுத்துவிட்டார். படத்தில் இருந்தது வெறும் 5. பத்து டின்னுக்கு மாவு போதாமல் இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் கடைக்கு ஓட வேண்டியிருந்தது.

"படம் பொய் சொல்லாதுன்னு நெனச்சேன்டா" என்றார் அம்மா.

படம் பொய் சொல்லவில்லை. பலகையில் அந்த நொடியில் இருந்ததைத்தான் காட்டியது. அந்த நொடியில் பலகையே அரைகுறையாக இருந்தது. அவ்வளவுதான்.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஆனால் அதே தவற்றை என் வேலையில் நான் செய்தபோது சிரிக்க முடியவில்லை. அதில் ஒரு மனிதரின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

குளிர்கிடங்கில் நடந்தது

நான் இணைய நிரலாளன். உறைந்த உணவுப் பொருள்களை வைக்கும் ஒரு குளிர்கிடங்குக்காக ஒரு கண்காணிப்புப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு அறையிலும் இருக்கும் உணரி ஐந்து நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்பும். அறை மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். அந்த மணி நேரத்தின் சராசரி மைனஸ் 15ஐத் தாண்டி ஏறினால் திரை சிவக்கும், மேலாளரின் கைப்பேசிக்கும் செய்தி போகும்.

இரண்டு வாரத்தில் மூன்று முறை திரை சிவந்தது. மூன்று முறையும் இரவு வேலை நேரம். மூன்று முறையும் பணியில் இருந்தவர் ஒரே ஆள், ஐம்பதைக் கடந்த ஒரு அண்ணன். கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

இயந்திரத்தைச் சோதிக்க நான் போயிருந்தபோது அவர் மெதுவாக வந்து கேட்டார்.

"தம்பி, ஒன்னு சொல்லட்டுமா? அது எப்பவும் மணி ஆன ஒடனே தான் அலறுது. நான் என்ன மணி பாத்தா கதவத் தொறக்கிறேன்?"

பதிவைப் புரட்டிப் பார்த்தேன். முதல் எச்சரிக்கை இரண்டு மணி அடித்து பத்தாவது நொடியில். அடுத்தது நான்கு மணி அடித்து இருபதாவது நொடியில். மூன்றாவதும் அப்படியே. கதவு திறந்திருந்தால் வெப்பம் கடிகாரம் பார்த்தா ஏறும்? தவறு கதவில் இல்லை, நான் எழுதிய நிரலில் இருந்தது. அது என்ன தவறு என்று சொல்ல, முதலில் உலாவிக்குள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஒற்றை ஆள் நடத்தும் கடை

நாம் திறக்கும் இணையப் பக்கங்களை இயக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அது ஒற்றை ஆள் நடத்தும் கடை மாதிரி. வாடிக்கையாளரிடம் பேசுவது, பொருள் எடுத்துக் கொடுப்பது, காசு வாங்குவது எல்லாம் ஒரே ஆள். அவர் ஒரு பெரிய கணக்கைப் போட உட்கார்ந்துவிட்டால் கடை அப்படியே உறைந்து நிற்கும். சில பக்கங்களில் பொத்தானை அழுத்தியும் எதுவும் அசையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னாளில் 'வொர்க்கர்' என்ற ஏற்பாடு வந்தது. கடையின் பின்கட்டில் ஓர் உதவியாளரை வைப்பது போல. கனமான வேலையை அவர் செய்வார், முகப்பில் இருப்பவர் வாடிக்கையாளரைக் கவனிப்பார். இருவரும் பேசிக்கொள்வது துண்டுச்சீட்டு அனுப்பித்தான். அனுப்பும் தகவல் பொதுவாக நகலெடுக்கப்பட்டே போகும். இவருடைய தாள் இவரிடம், அவருடைய தாள் அவரிடம். குழப்பத்துக்கு இடமில்லை.

ஆனால் தகவல் பெரிதானால் நகலெடுப்பதே பெரிய வேலையாகிவிடும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு காணொளிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு காட்சிக்கே 82,94,400 பைட் வேண்டும். நொடிக்கு 60 காட்சி என்றால் ஏறக்குறைய 50 கோடி பைட். இதை ஒவ்வொரு முறையும் நகலெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தால் கணினி மூச்சு வாங்கும்.

இதற்காகத்தான் 2017இல் வெளியான ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் 'ஷேர்ட் அரே பஃபர்' என்ற வசதி சேர்ந்தது. எளிமையாகச் சொன்னால் பகிர்வு நினைவகம். முகப்பில் இருப்பவரும் பின்கட்டில் இருப்பவர்களும் ஒரே பலகையைப் பார்க்கிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியும், சீட்டு அனுப்ப வேண்டியதில்லை. உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோஷாப், கூகுள் எர்த் போன்ற கனமான செயலிகள் பல வொர்க்கர்களை ஒரே நேரத்தில் வேலை வாங்க இந்த வசதிதான் அடிப்படை.

2018இல் சாத்திய கதவு

இந்த வசதி வந்த சில மாதங்களிலேயே அதற்குப் பூட்டுப் போட்டார்கள். 2018 ஜனவரி 3ஆம் நாள் 'ஸ்பெக்டர்' என்ற குறைபாடு வெளியுலகுக்குத் தெரியவந்தது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த யான் ஹார்ன் ஒரு பக்கமும், பால் கோச்சரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் மறுபக்கமும் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

கணினியின் மூளையான செயலி, அடுத்து என்ன வேலை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்து வைக்கும். ஊகம் தவறானால் விட்டுவிடும். ஆனால் அந்த வேலையின் சுவடு அதன் தற்காலிக நினைவகத்தில் தங்கிவிடும். ஒரு தகவல் எவ்வளவு விரைவாகக் கைக்கு வருகிறது என்று மிக நுணுக்கமாக அளந்தால், பார்க்கக் கூடாத ரகசியத்தை அந்தச் சுவட்டிலிருந்து ஊகித்துவிடலாம்.

அதற்கு நுணுக்கமான கடிகாரம் வேண்டும். உலாவிகள் தங்கள் கடிகாரத்தின் துல்லியத்தைக் குறைத்துவிட்டன. ஆனால் பகிர்வு நினைவகம் இருந்தால் கடிகாரத்தை நாமே செய்துகொள்ளலாம். ஒரு வொர்க்கரை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓயாமல் எண்ணி எழுதச் சொல்லிவிட்டு, இன்னொருவர் அதை எட்டிப் பார்த்தால் போதும்! எனவே பெரிய உலாவிகள் எல்லாம் அந்த வசதியையே நிறுத்தி வைத்தன.

பிறகு அது நிபந்தனையோடு திரும்பியது. பிற தளங்களின் பக்கங்களிலிருந்து தன்னைப் பிரித்து வைத்துக்கொள்வதாக ஒரு தளம் உலாவியிடம் முன்கூட்டியே உறுதி சொன்னால்தான் இப்போது பகிர்வு நினைவகம் கிடைக்கும். ஃபயர்பாக்ஸ் 2020 ஜூலையிலும், சஃபாரி 2021 டிசம்பரிலும் இந்த நிபந்தனையுடன் அதைத் திரும்பக் கொடுத்தன. கணினிக்கான குரோமில் 2018இலேயே அது திரும்பிவிட்டது என்றாலும், 2021 ஜூலையில் அங்கும் இதே நிபந்தனை வந்தது. பகிர்வது என்றால் முதலில் வேலி போட வேண்டும் என்பது உலகத்துக்கே கிடைத்த பாடம். அந்த வேலிக்கு உள்ளேயும் ஒரு பாடம் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

இரண்டு எண்களின் இடைவெளி

என் நிரலில் பின்கட்டு வொர்க்கர் இரண்டு எண்களைப் பகிர்வு நினைவகத்தில் எழுதிவந்தது. இதுவரை எத்தனை அளவீடு வந்தது என்ற எண்ணிக்கை ஒன்று. அவற்றின் கூட்டுத்தொகை இன்னொன்று. முகப்பு, கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியைக் காட்டும். ஒவ்வொரு மணி நேரமும் இரண்டும் பூஜ்யத்தில் தொடங்கும்.

புதிய அளவீடு வந்தால் வொர்க்கர் முதலில் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். பிறகு உணரியின் பிழையைத் திருத்தும் கணக்கைப் போடும். அதன் பிறகே அளவீட்டைக் கூட்டுத்தொகையில் சேர்க்கும். அக்கா 2ஐ அழித்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போன அதே கதை. அந்த இடைவெளியில் முகப்பு எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்?

இரண்டாவது அளவீடு வந்த நேரம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை 2 ஆகிவிட்டது. கூட்டுத்தொகை இன்னும் பழைய மைனஸ் 18. வகுத்தால் மைனஸ் 9! திரை சிவந்துவிடும். மூன்றாவதில் மைனஸ் 12, நான்காவதில் மைனஸ் 13.5, ஐந்தாவதில் மைனஸ் 14.4. ஆறாவது அளவீட்டில் சரியாக மைனஸ் 15, எல்லையைத் தாண்டாது. அதற்குப் பிறகு தவறு நடந்தாலும் எண் எல்லைக்குள் அடங்கிவிடும், யாருக்கும் தெரியாது. அதனால்தான் மணி அடித்த முதல் 25 நொடிக்குள் மட்டும் அது அலறியது. அந்த அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது அணுவளவும் பிசகவில்லை.

ஸ்லைஸ் என்ற கத்தி

முதலில் நான் நினைத்த மருந்து 'ஸ்லைஸ்'. பகிர்வு நினைவகத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி நகலெடுத்துத் தரும் கட்டளை அது. தொடக்கம், முடிவு என்று இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். 100, 200 என்று கொடுத்தால் 100ஆம் பைட்டிலிருந்து 199 வரை, மொத்தம் 100 பைட் நகலாகக் கிடைக்கும். முடிவு எண்ணில் இருக்கும் பைட் சேராது. புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. மைனஸ் 16 என்று மட்டும் கொடுத்தால் கடைசி 16 பைட்டை எடுத்துத் தரும்.

கிடைப்பது தனி நகல். அதன் பிறகு மூலத்தில் யார் எதை மாற்றினாலும் நகல் மாறாது. அம்மா எடுத்த படம் மாதிரி. 'சப்அரே' என்று இன்னொரு கட்டளை உண்டு. அது நகல் எடுக்காது, பலகையின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் சன்னல். உள்ளே மாறினால் சன்னலிலும் மாறும். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்லைஸ் என்ற பெயரில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. நினைவகத்தின் மீதே அதைச் செலுத்தினால் எண்கள் பைட் கணக்கு, கிடைக்கும் நகலும் பகிரத்தக்க நினைவகமாகவே இருக்கும். அந்த நினைவகத்தைப் பார்க்கும் எண் வரிசையின் மீது செலுத்தினால் எண்கள் உறுப்புக் கணக்கு. நான்கு பைட் எண்கள் என்றால் 0, 10 என்று கொடுத்தால் கிடைப்பது 40 பைட், அதுவும் பகிராத சாதாரண நினைவகத்தில். உலாவியின் சில கருவிகள் பகிர்வு நினைவகத்தைத் தொடவே மறுக்கும். சங்கேதத்துக்கான தற்செயல் எண்களை நிரப்பும் கருவி அப்படிப்பட்டது. அங்கே இந்த இரண்டாவது வகை நகல் கை கொடுக்கும்.

நான் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் இருந்த 8 பைட்டை ஒரே வெட்டில் நகலெடுத்து, நகலை வைத்துச் சராசரி கணக்கிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து அந்த அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

நான்காவது நாள் திரை மறுபடியும் சிவந்தது.

சிவப்புக் காந்தம்

அன்று இரவு வீட்டுக்குப் போனபோது சமையலறைப் பலகையின் மேல் ஓரத்தில் ஒரு சிவப்புக் காந்தம் ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா?"

"அக்கா எழுத ஆரம்பிச்சா அத நடுவுல ஒட்டிடுவா. முடிச்சா மேல தள்ளிடுவா. நடுவுல இருந்தா நான் படம் எடுக்க மாட்டேன்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகல் எடுப்பது, எடுத்த பிறகு நடக்கும் மாற்றத்திலிருந்து மட்டுமே காப்பாற்றும். எடுக்கும் நொடியில் மூலம் அரைகுறையாக இருந்தால் நகலும் அரைகுறைதான். ஸ்லைஸ் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது வெட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வொர்க்கர் அதே இடத்தில் எழுதலாம். முன்பாதி பழையதும் பின்பாதி புதியதுமாக ஒட்டுப்போட்ட நகல்கூடக் கிடைக்கலாம்.

நிரலில் அந்தக் காந்தத்தின் பெயர் 'அட்டாமிக்ஸ்'. பகிர்வு நினைவகத்தோடு சேர்ந்தே தரத்தில் வந்த கருவித் தொகுப்பு அது. நினைவகத்தில் ஓர் எண்ணைப் பூட்டாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். 0 என்றால் பலகை காலி, 1 என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பூட்டு 0 ஆக இருக்கிறதா என்று பார்ப்பதும் அதை 1 ஆக மாற்றுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவர் ஒரே நேரத்தில் 0 என்று பார்த்து, இருவருமே காந்தத்தை ஒட்டிவிட்டதாக நம்பிவிடுவார்கள். அட்டாமிக்ஸில் உள்ள 'கம்பேர் எக்ஸ்சேஞ்ச்' என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது.

முகப்புக்கு ஒரு தனி விதி உண்டு. பின்கட்டு வொர்க்கர் பூட்டுத் திறக்கும்வரை காத்து நிற்கலாம். முகப்பு அப்படி நிற்க உலாவிகள் விடுவதில்லை. நின்றால் கடையே உறைந்துவிடும். ஆகவே முகப்பு பூட்டை முயன்று பார்க்கும். கிடைத்தால் 8 பைட்டை வெட்டிக்கொண்டு உடனே பூட்டைத் திறந்துவிட்டு, பிறகு நகலை வைத்து நிதானமாகக் கணக்குப் போடும். கிடைக்காவிட்டால் பழைய எண்ணையே காட்டிவிட்டு அடுத்த முறை வரும். ஒரு கணம் பழைய எண் தெரிவதால் யாருக்கும் நட்டமில்லை. தவறான எண் தெரிந்தால் ஒருவருக்கு வேலை போகும்.

பூட்டைப் பிடித்திருக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால்தான் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டுகிறோம். முழு நினைவகத்தையும் நகலெடுத்தால் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

பார்த்த பிறகு மாறினால்?

இதில் பாதுகாப்பு சார்ந்த ஒரு கோணமும் உண்டு. பகிர்வு நினைவகத்தில் இருக்கும் ஒரு நீளத்தைச் சோதித்து, சரி, 100தான் என்று ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த வரியில் மறுபடியும் அதே இடத்திலிருந்து படித்து வேலையைத் தொடங்குகிறோம். இடையில் யாராவது அதை 1,00,000 ஆக்கியிருந்தால்? நாம் சோதித்த எண் வேறு, பயன்படுத்திய எண் வேறு. தாக்குபவர்களுக்குப் பிடித்தமான சந்து இது. தப்பிக்கும் வழி வரிசையில் இருக்கிறது: முதலில் நகல் எடு, பிறகு நகலைச் சோதி, அந்த நகலையே பயன்படுத்து. காசோலையைச் சரிபார்த்த பிறகு கையிலிருந்து விடாமல் வைத்திருப்பது போல.

இளைய நிரலாளர்களுக்கு நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கிடங்கின் இரண்டு எண்களுக்குப் பகிர்வு நினைவகமே தேவைப்படவில்லை. ஐந்து நொடிக்கு ஒருமுறை துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தாலே போதும். புதிய வசதியைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசையில் இறங்கிவிட்டேன். பெரிய படங்கள், ஒலி, காணொளி என்று வந்தால் பகிருங்கள். சிறிய கணக்குக்குச் சீட்டே பாதுகாப்பு.

புதிய நிரலை ஏற்றிய பிறகு, இரண்டு பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். எச்சரிக்கைகள் வந்த நேரம், அந்த ஐந்து எண்கள், என் தவறு எல்லாம் அதில் இருந்தன. அதை எழுதும்போது கை கூசியது. ஆனால் அதை எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கடிதம் அவர் கோப்பிலேயே இருந்திருக்கும். அடுத்த வாரம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

செய்தி சொல்ல இரவில் கிடங்குக்குப் போனேன். அவர் கனத்த குளிர்ச்சட்டையோடு வெளியே வந்தார்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. தப்பு என்னோடது."

"நான் தான் சொன்னேன்ல தம்பி, கதவ நான் சாத்திட்டேன்னு" என்று சிரித்தார்.

இந்த ஆண்டு தீபாவளிக்கு அம்மாவிடம் ஒரு டின் முறுக்கு கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். அக்கா அதைப் பலகையில் எழுதியதும் காந்தத்தை மேலே தள்ளினார். அதன் பிறகுதான் அம்மா படம் எடுத்தார்.